பூனைக்குட்டியும் குரங்குக்குட்டியும் ஒரு கணினியும்

வைகாசி முகூர்த்தங்களில் எனக்குத் தூக்கம் கிடையாது. தென்காசியில் அப்பா நடத்திய போட்டோ ஸ்டுடியோவை நான் ஏற்று நடத்த ஆரம்பித்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. அப்பா காலத்தில் ஒரு கல்யாணம் என்றால் ஐந்தாறு ஃபிலிம் ரோல். இப்போது மூன்று கேமரா, ஒரு டிரோன். மாப்பிள்ளை அழைப்பிலிருந்து மறுவீடு வரை எல்லாம் ஒரே கணினிக்குள் வந்து விழுகிறது. அது ராத்திரி முழுக்க அரைத்துக் காலையில் வீடியோவாகத் தர வேண்டும். 2024 வைகாசியில் அப்படி ஒரு ராத்திரி. பாவூர்சத்திரத்துக் கல்யாணம் ஒன்று ரெண்டர் ஆகிக்கொண்டிருந்தபோது திரை சட்டென்று இருண்டது. மறுபடி போட்டேன். இரண்டு நிமிஷம் ஓடியது. மறுபடி இருட்டு.

பொட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன். ப்ராசஸரின் மேல் உட்கார்ந்திருக்கும் உருண்டைத் தலையில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அங்கிருந்து இரண்டு கறுப்புக் குழாய் வழியாகச் சூடு போய்ச் சேர வேண்டிய ரேடியேட்டரோ ஒன்றும் நடக்காததுபோலக் குளிர்ந்து கிடந்தது. மத்தளம்பாறையில் சோஹோவில் வேலை பார்க்கும் அண்ணன் மகனைப் போனில் எழுப்பினேன்.

"அத்த, பம்பு செத்துட்டு. அதத் தொறந்து பாக்க முடியாது. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும். இல்லன்னா சொல்லுங்க, இந்தத் தடவ நாமளே கட்டிருவோம்."

வாங்குவதா, கட்டுவதா? இந்தக் கேள்வி என்னை அடுத்த மூன்று மாதம் குற்றாலத்துக்கும் கோயிலுக்கும் அலைய வைக்கும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. பாவூர்சத்திரத்து வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது என்பதுதான் மனசில் ஓடியது.

முதலில் இந்தச் சூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கணினியின் ப்ராசஸர் முழு மூச்சில் ஓடும்போது ஏறத்தாழ 250 வாட் மின்சாரத்தைச் சாப்பிடும். வீட்டு இஸ்திரிப்பெட்டி சாப்பிடுவதில் கால் பங்கு. ஆனால் இஸ்திரிப்பெட்டிக்கு உள்ளங்கையை விடப் பெரிய அடித்தகடு உண்டு. இங்கே அத்தனை சூடும் ஒரு அஞ்சல்தலை அகலத்திலிருந்து எழும்ப வேண்டும். 100 டிகிரியை நெருங்கினால் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் தாண்டினால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். அந்தச் சூட்டைக் காற்றே எடுத்துவிடாதா என்றால், பல கணினிகளுக்கு எடுத்துவிடும். ஆனைக்காது போலத் தகடு விரித்த நல்ல விசிறி பாதி ஊருக்குப் போதும். ராத்திரி முழுக்க மூச்சு விடாமல் ஓடுகிற என்னுடையதைப் போன்றவற்றுக்குத்தான் தண்ணீர். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால், அந்த 250 வாட்டை வாங்கிக்கொண்டும் தண்ணீர் மூன்றரை டிகிரிக்குக் கொஞ்சம் மேலேதான் சூடேறும். அவ்வளவு பொறுமை தண்ணீருக்கு.

ஆனால் தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை. இங்கிருந்து வாங்கி ரேடியேட்டரில் கொண்டுபோய் இறக்கி வைக்கும். அங்கே விசிறி அதை அறைக்குள் ஊதிவிடும். அதனால் எவ்வளவு செலவழித்துக் கட்டினாலும், தண்ணீரால் சிப்பை அறையை விடக் குளிர்ச்சியாக்க முடியாது. சித்திரையில் என் அறை 35 டிகிரி என்றால் கணக்கே அங்கிருந்துதான் ஆரம்பம்.

அந்த அறை அப்பாவின் இருட்டறை. கறுப்பு வெள்ளைப் படம் கழுவும் மருந்துக்கு 20 டிகிரி வேண்டும். ஏறினால் படம் சீக்கிரம் கறுத்துவிடும், ஃபிலிமின் மேல்பூச்சு இளகிவிடும். கோடையில் தென்காசியில் 20 டிகிரிக்கு எங்கே போவது? அப்பா மருந்துத் தட்டை அதைவிடப் பெரிய தட்டுக்குள் வைத்து, சுற்றிலும் தண்ணீரும் ஐஸ்கட்டியும் போடுவார். கையில் தெர்மாமீட்டர். சிவப்பு விளக்கில் குனிந்து நின்று, ஏறினால் ஐஸ், இறங்கினால் கொஞ்சம் குழாய்த் தண்ணீர். எத்தனை டிகிரிக்கு எத்தனை நிமிஷம் என்று சுவரில் பென்சிலால் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். சாரல் காலத்துக்கு ஒரு வரிசை, வெயில் காலத்துக்கு ஒரு வரிசை. அப்பா போன பிறகு அந்த அறைக்கு வெள்ளையடித்தபோது அந்த ஒரு முழச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். இன்றைக்கும் கணினிக்கு மேலே அது இருக்கிறது.

மறுநாள் மாலை மருமகன் இரண்டு பட்டியலோடு வந்தான்.

முதலாவது, செத்துப்போனதைப் போன்றதே. ஆல்-இன்-ஒன், சுருக்கமாக ஏ.ஐ.ஓ. பம்ப், செம்புத் தகடு, குழாய், ரேடியேட்டர் எல்லாம் தொழிற்சாலையிலேயே பூட்டித் தண்ணீர் நிரப்பிச் சீல் வைத்து வரும். நாலு திருகு முடுக்கினால் போதும். பிறகு நமக்கு அதில் வேலையே இல்லை. பார்க்கவும் முடியாது. ரப்பர்க் குழாயின் சுவர் வழியாகத் தண்ணீர் வருஷக் கணக்கில் துளித்துளியாக ஆவியாகிக் குறையும். எவ்வளவு குறைந்தது என்று தெரியாது, ஊற்றவும் வழியில்லை. ஒரு உறுப்பு போனால் மொத்தமும் குப்பை. 2019-இல் வாங்கியது எனக்கு ஐந்து வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் உழைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டது.

இரண்டாவது, கஸ்டம் லூப். பம்ப் தனி, தண்ணீர்த் தொட்டி தனி, ரேடியேட்டர் தனி. குழாயை நாமே அளந்து வெட்ட வேண்டும். இணைப்பு ஒவ்வொன்றையும் நாமே முடுக்க வேண்டும். ஓர் உறுப்பு போனால் அதை மட்டும் மாற்றலாம், நாளைக்குப் பெரிய ப்ராசஸர் வந்தால் கூட ஒரு ரேடியேட்டர் சேர்க்கலாம். விலை மூன்று மடங்குக்கு மேல். வருஷத்துக்கு ஒரு முறை வடித்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பாசி. செம்போடு தெரியாமல் அலுமினியத்தைச் சேர்த்தால் அரிப்பு. ஓர் இணைப்பு கசிந்தால் தண்ணீர் சொட்டுவது மதர்போர்டின் தலையில்.

"ஏலே, தண்ணியையும் கரண்டையும் ஒரே பொட்டிக்குள்ள விட்டுட்டு நான் எப்படித் தூங்குவேன்?"

"இப்பவும் அப்படித்தான் அத்த தூங்குனீய. உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

அந்த வாரம் இன்னும் நாலு கல்யாணம் பாக்கி. யோசிக்க நேரம் இல்லை. மூடியதையே இன்னொன்று வாங்கி மாட்டினோம். பாவூர்சத்திரத்து வீடியோ ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் மருமகன் சொன்னது உள்ளே கிடந்து உறுத்தியது.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் எங்கள் தமிழய்யாவைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போவது வழக்கம். பள்ளியில் எனக்குப் பாடம் எடுத்தவர். எழுபத்தெட்டு வயது. நாங்குநேரிப் பக்கத்து வைணவக் குடும்பம். ஐந்தருவியில் கூட்டத்துக்குப் பயந்து குளிக்க மாட்டார். தலையில் தெறிக்கும் திவலையே போதும் என்பார். அருவிக்குப் போகிற வழியில் கைப்பிடிச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒரு பெரியம்மா கையிலிருந்த நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு மரத்துக்குத் தாவியது. அதன் வயிற்றில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. தாய் தாவிய தாவலில் எனக்கே நெஞ்சு பதறியது.

நான் ஐயாவிடம் கணினிக் கதையைச் சொன்னேன். அவருக்குக் கணினி தெரியாது. ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுக் குரங்கைக் காட்டினார்.

"பாத்தியா, தாய் குட்டியைப் பிடிக்கவே இல்ல. ரெண்டு கையும் சிப்ஸ்ல இருக்கு. குட்டிதான் பிடிச்சிருக்கு. பூனை அப்படி இல்ல. குட்டி சும்மா கெடக்கும், தாய்தான் வாயில கவ்விட்டுப் போவா. எங்க ஆளுங்க இந்த ரெண்டு குட்டியையும் வச்சுத்தான் எழுநூறு வருஷமாச் சண்டை போடுறாங்க."

மர்க்கட கிசோர நியாயம், மார்ஜார கிசோர நியாயம் என்று அதற்குப் பெயர். குரங்குக்குட்டி வழி, பூனைக்குட்டி வழி. கடவுள் நம்மைக் கரை சேர்க்க நம் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமா, வேண்டாமா என்பது கேள்வி. காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகரின் வழியில் வருகிற வடகலையார், பிடித்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். திருவரங்கத்துப் பிள்ளை லோகாசாரியர் வழியில் வருகிற தென்கலையார், கவ்விக்கொண்டு போவது அவன் வேலை என்பார்கள். இந்தத் தென்கலைக்குத் தூணாக நின்ற மணவாள மாமுனிகள் 1370-இல் பிறந்தது ஆழ்வார்திருநகரியில். குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாகத் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியில் கலந்து, அந்த ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது.

"அப்ப மூடின கூலர் பூனை, நாமளே கட்டுறது குரங்கு. சரிதானே ஐயா?" என்றேன் உற்சாகமாக.

"அவசரப்படாத," என்றார். "குரங்குக்குட்டி பிடிச்சிருக்குங்கறதுக்காக அதுவா மரம் விட்டு மரம் தாவுது? தாவுறது தாய். முயற்சி பண்ணி மோட்சத்த விலைக்கு வாங்கலாம்னு தேசிகர் சொல்லல. அவன் இரங்க ஒரு சாக்கு வேணும்ங்கறார். வியாஜம்னு அதுக்குப் பேரு. தென்கலையார் அந்தச் சாக்குக்கூட வேண்டாம்பாங்க. விலக்காம இருந்தாப் போதும். ஆனா விலக்காம இருக்கறதைச் சுளுவுன்னு நெனைக்காத. பூனைக்குட்டி வாயில தொங்கும்போது பாத்திருக்கியா? காலச் சுருட்டிக்கிட்டு, மூச்சுக்கூடக் கேக்காம. துள்ளுச்சுன்னா பல்லு பதிஞ்சிரும்."

திரும்பி வரும்போது எனக்கு ஒன்று தெளிந்தது போலிருந்தது. நான் குரங்குக்குட்டி ஜாதி. அப்பாவும் அப்படித்தான். விடிய விடியத் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்ற மனுஷனின் மகள், திறக்க முடியாத ஒன்றை நம்பி எப்படித் தூங்குவாள்? கட்டிவிட வேண்டியதுதான் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

ஆனால் பூனை விடவில்லை.

எங்கள் மாடிப்படியில் சுற்றும் சாம்பல் பூனை அந்த ஆனியில் மூன்று குட்டி போட்டது. சாரல் காற்று ஈரமாக வீச ஆரம்பித்ததும், சூடான இடம் தேடி, குட்டிகளை என் கணினிக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தது. ரேடியேட்டர் ஊதும் காற்று அங்கே இதமாக விழும். ராத்திரி ரெண்டர் ஓடும்போது மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக் கிடக்கும். பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். பத்தாம் நாள் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் வந்து இரண்டாவதையும் கொண்டுபோனது. மூன்றாவதுக்கு வரவே இல்லை. அதுதான் சிறியது. ஒரு கண் சரியாகத் திறந்திருக்கவில்லை. அன்று முழுக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். மறுநாளும் வைத்திருந்தேன். பூனை மாடிப்படியில் என்னைக் கடந்து போனது, உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

மை நிரப்பியில் பால் எடுத்து ஊட்டினேன். ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் காலையில் விறைத்துக் கிடந்தது. பின்கட்டு முருங்கைக்கு அடியில் புதைத்தேன்.

அன்று மாலை கோயில் பிராகாரத்தில் ஐயாவைப் பார்த்து, கோபமாகவே கேட்டேன். தாய் கவ்விக்கொண்டு போவாள் என்றீர்களே, விட்டுவிட்டுப் போன குட்டிக்கு என்ன வழி? துள்ளாமல்தானே கிடந்தது, யாரையும் விலக்கவில்லையே? சாக்கே இல்லாத கருணை என்றால், ஒருவனுக்கு உண்டு, இன்னொருவனுக்கு இல்லை என்று எந்தக் கணக்கில் பிரிக்கிறது?

"வடகலையார் கேக்கறதும் அதேதான்," என்றார். "கடவுளுக்குப் பாரபட்சம் வந்துரக் கூடாதுன்னுதான் அவங்க அந்தச் சாக்கை வச்சாங்க. இவன் கேட்டான், கொடுத்தான். அவன் கேக்கல." சற்று நின்று, "ஆனா உன் குட்டிக்குக் கேக்கற தெம்பே இல்ல. அங்கயும் பதில் இல்ல," என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து எனக்கும் சேர்த்துக் காப்பி சொன்னார்.

அவர் சமாதானம் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வாரம் கழித்து அவரே ஸ்டுடியோவுக்கு வந்தார். "நீ கேட்டதுக்குப் பதில் கொண்டாரல. வேற ஒண்ணு சொல்லத் தோணுச்சு," என்று ஆரம்பித்தார். 1323-இல் தில்லிப் படை திருவரங்கத்துக்குள் புகுந்தபோது நடந்ததாகக் குருபரம்பரை நூல்கள் சொல்லும் இரண்டு சம்பவங்கள். பிள்ளை லோகாசாரியர் அப்போது தள்ளாத கிழவர். நம்பெருமாள் விக்கிரகத்தைத் தூக்கிக்கொண்டு, சிலரோடு ஊரை விட்டு வெளியேறி, காட்டு வழியே தெற்கே நடந்தார். மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடி என்ற இடத்தில், இன்றைய கொடிக்குளத்தில், பெருமாளைப் பத்திரமாக வைத்துவிட்டு அங்கேயே உயிரை விட்டார். தேசிகரிடம், இறந்துபோன சுதர்சன சூரியின் இரண்டு சிறு பிள்ளைகளும், அவர் ஸ்ரீபாஷ்யத்துக்கு எழுதிய சுருதப்பிரகாசிகை என்ற உரையின் சுவடியும் ஒப்படைக்கப்பட்டிருந்தன. அவர் அந்தப் பிள்ளைகளோடும் சுவடியோடும், வெட்டுண்டு கிடந்த பிணங்களுக்கு நடுவே பிணமாகப் படுத்துக் கிடந்தார். படை போன பிறகு எழுந்து மேற்கே கன்னட நாட்டுக்குப் போனார்.

"யோசிச்சுப் பாரு. நீ சும்மா கெட, அவன் தூக்கிட்டுப் போவான்னு சொன்னவர், அவனையே தூக்கிட்டு நடந்தார். விடாமப் பிடிச்சுக்கோன்னு சொன்னவர், அசையாமக் கெடந்தார்."

கதையைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது குற்றாலநாதர். அருவிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சாமி. திருமாலாக இருந்தவரை அகத்தியர் தலையில் கை வைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்பது தலபுராணம். அந்த அழுத்தலில் வந்த தலைவலிக்குத்தான் இன்றும் மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள். அருவி ஈரத்தில் சளி பிடிக்கக் கூடாதென்று சுக்கும் கடுக்காயும் போட்ட கஷாயம் படைக்கிறார்கள். அக்கினி நட்சத்திரம் வந்தால் சிவன் கோயில்களில் லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் கட்டித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறார்கள். நம்மைத் தூக்கிச் சுமப்பவரின் உடம்புச் சூட்டை நாம் பார்த்துக்கொள்கிறோம். சின்ன வயசில் இது வேடிக்கையாக இருந்தது. இப்போது வேடிக்கையாக இல்லை. கடவுளுக்கு ஜலதோஷம் வரும் என்று நம்புகிற ஊரில், யார் யாரைச் சுமக்கிறார்கள் என்பதை ஒரே திசையில் சொல்லிவிட முடியாது.

என் விஷயமும் அப்படித்தான் நடந்திருந்தது. வைகாசியில், கல்யாண வீடு நெருக்கும்போது, நான் பூனைக்குட்டி. யாரோ எங்கோ ஒரு தொழிற்சாலையில் சரியாகச் சீல் வைத்திருப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு தொங்கினேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னை 'இந்த ஜாதி' என்று நானே எழுதிக்கொண்டதுதான் தப்பு. முகூர்த்தத்துக்கு ஒரு வழி, முகூர்த்தமில்லாத காலத்துக்கு ஒரு வழி.

ஆடி வந்தது. கல்யாணம் கிடையாது. மருமகன் ஒரு சனிக்கிழமை அட்டைப்பெட்டிகளோடு வந்தான். ப்ராசஸருக்கு மட்டும் ஒரு சின்ன லூப். செம்பு ரேடியேட்டர், செம்புத் தகடு, வளையக் கூடிய குழாய். பளபளக்கும் விளக்கெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் பாட்டிலைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்: "காசு குடுத்தா தண்ணி வாங்குன? குற்றாலத்துல மூலிகைத் தண்ணி சும்மா கொட்டுது. ரெண்டு கேன் பிடிச்சிட்டு வர வேண்டியதுதானே?" மருமகன் சிரிக்காமல் விளக்கினான். அருவித் தண்ணீரில் உப்பும் மண்ணும் உயிரும் இருக்கும். செம்புத் தகட்டில் தலைமயிர் இடைவெளியில் வெட்டியிருக்கும் வாய்க்கால்களை அவை அடைத்துவிடும், பாசியும் ஏறும். இதற்கு ஒன்றுமே இல்லாத, காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். அம்மா, "ருசியே இல்லாத தண்ணியா," என்று அதன்மேல் இரக்கப்பட்டாள்.

ஊற்றியது ஆடிப்பெருக்கு அன்று. நாள் பார்த்துச் செய்யவில்லை, அப்படி அமைந்தது. மதர்போர்டுக்கு மின்சாரம் போகாமல் பம்புக்கு மட்டும் கொடுத்து ஓடவிட்டோம். ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் ஒரு துண்டு டிஷ்யூ காகிதம். கசிந்தால் அது ஈரமாகிக் காட்டிக்கொடுக்கும். இருபத்துநாலு மணி நேரம் அப்படி ஓட வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு ரேடியேட்டர் வாயில் ஒரு சொட்டு நின்றது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பர் வளையம் மடங்கியிருந்தது. நான் முடுக்கியது. நேராக்கி மறுபடி முடுக்கினேன். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. மருமகன் பாயை விரித்துத் தூங்கிவிட்டான். நான் விளக்கை அணைத்துவிட்டுப் பம்பின் முனகலைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஒவ்வொரு திருகையும் என் கையால் முடுக்கியிருக்கிறேன். இருந்தும் இனி காலைவரை காகிதம் காய்ந்திருக்குமா என்பது என் கையில் இல்லை. குரங்குக்குட்டியும் இருட்டில் ஒரு கட்டத்தில் கண்ணை மூடத்தானே வேண்டும். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. காலையில் காகிதங்கள் காய்ந்திருந்தன.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இதை அடுத்த வருஷம் வடிக்க வேண்டும், அதற்கடுத்த வருஷமும். மருமகன் நாளைக்குச் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போகலாம். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. என்னோடு வேலை பார்க்கும் பெண்தான் ஒருநாள் இந்தப் பொட்டியைத் திறப்பாள். அவளுக்கு இதில் என்ன ஊற்றியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? மூடியதை வாங்கியிருந்தால் இந்தக் கவலை இல்லை. அதற்குப் பின்னால் வருபவர் யாரும் தேவையில்லை. கட்டியதற்கு மட்டும்தான் வாரிசு வேண்டும்.

எங்கள் ஊர்க் கோயிலைக் கட்டியவனுக்கு இந்தக் கவலை இருந்திருக்கிறது. பராக்கிரம பாண்டியன் 1446-இல் பணி தொடங்கிய காசி விசுவநாதர் கோயிலில் அவன் வெட்டி வைத்த பாட்டுக் கல்வெட்டு உண்டு. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஒரு பழுது வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும், உலகம் அறிய அவர்களை இப்போதே பணிந்துவிட்டேன் என்பது அதன் கருத்து. ஐயா வகுப்பில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அடக்கத்துக்கு உதாரணம் என்று எழுதிப் பத்து மதிப்பெண் வாங்கினேன்.

பழுது வந்தது. கோபுரம் எரிந்து பிளந்து, என் குழந்தைப் பருவம் வரைக்கும் மொட்டைக் கோபுரமாகத்தான் நின்றது. எத்தனையோ தலைமுறை அதைப் பார்த்துக்கொண்டே பிறந்து செத்தது. அரசன் பணிந்த அந்த ஆள் வரவே இல்லை என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். பிறகு சிவந்தி ஆதித்தனார் முன்னின்று ஒன்பது நிலையையும் எழுப்பி, 1990-இல் குடமுழுக்கு நடந்தது. எனக்குப் பதினாலு வயது. அப்பா ஒரு மாடியில் முக்காலி போட்டு நின்று, கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நொடிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று ஃபிலிம் ரோல் எடுத்துக் கொடுத்தேன். அன்று ராத்திரி இருட்டறையில் ஐஸ் தண்ணீருக்குள் அந்தக் கோபுரம் மெல்ல மெல்லக் கறுத்து எழும்பியதைப் பார்த்தேன்.

ஒரு அரசன், செய்ய முடிந்ததையெல்லாம் கல்லில் செய்து முடித்துவிட்டு, முகம் தெரியாத ஒருவன் காலில் விழுகிறான். அவன் வருவான் என்ற உத்தரவாதம் அவனுக்குக் கிடையாது. வந்த பிறகு வணங்குகிறேன் என்றும் சொல்லவில்லை. முன்கூட்டியே வணங்கிவிட்டான். பிடித்தது குரங்குக்குட்டிப் பிடி, விட்டது பூனைக்குட்டி விடுதல். இரண்டும் ஒரே கல்லில் இருக்கிறது. என் மூன்றாவது குட்டிக்கு இது பதிலாகாது. அதை ஐயாவிடம் ஒத்துக்கொண்டாகிவிட்டது. ஆனால் விட்டுப்போன ஒன்றின் முன்னால் மை நிரப்பியோடு யாராவது வந்து உட்கார்ந்தால், பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும், அந்த ஆளை ஒருவன் ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே வணங்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பக்கத் தகட்டை மூடுவதற்கு முன் ஒரு அட்டையில் பென்சிலால் எழுதி உள்ளே ஒட்டினேன். பேனா மை சூட்டில் மங்கும், பென்சில் மங்காது என்று அப்பா சொல்வார்.

'நிரப்பியது ஆடி 18. காய்ச்சி வடித்த தண்ணீர், பாசி மருந்து கலந்தது. உள்ளே செம்பு மட்டும். அலுமினியம் சேர்க்க வேண்டாம். வருஷம் ஒருமுறை, ஆடியில், வேலை இல்லாதபோது வடிக்கவும். ரேடியேட்டர் வாயில் உள்ள வளையம் மடங்கும், கவனம். சன்னலைத் திறந்து வைக்கவும். பின்னால் பூனை குட்டி போட்டிருந்தால் எண்ணிப் பார்க்கவும். திறப்பவருக்கு என் வணக்கம்.'